திறமைக்கேற்ற பெயர் கிடைக்காத நடிகர்கள் யார்? ஆபரேட்டர் அறையிலிருந்து ஒரு பதில்

நீங்கள் கேட்டது இரண்டு வரி. "திறமை இருந்தும் அதற்கேற்ற பெயர் கிடைக்காத தமிழ் நடிகர்கள் யார் யார்?" என்பது முதல் வரி. "ஒருவர் நன்றாக நடிக்கிறாரா, இல்லை வசனம் நன்றாக இருப்பதால் அப்படித் தெரிகிறதா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?" என்பது இரண்டாவது. முதல் வரிக்குப் பட்டியல் போட நிறையப் பேர் வருவார்கள். எனக்கு இரண்டாவதுதான் உங்கள் உண்மையான கேள்வியாகப் படுகிறது. அதற்கு வழி தெரிந்துவிட்டால் பட்டியலை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

நான் சினிமா எடுத்தவனும் இல்லை, நடித்தவனும் இல்லை. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர்த் தியேட்டரில் 1979இல் ரீல் சுற்றும் பையனாகச் சேர்ந்தேன். பிறகு லைசென்ஸ் எடுத்து ஆபரேட்டர் ஆனேன். ரீல் போய் டிஜிட்டல் வரும் வரை, முப்பது வருஷத்துக்கு மேல் படம் ஓட்டினேன். எங்களுக்குப் புதுப் படம் உடனே வராது. தஞ்சாவூர், கும்பகோணத்தில் ஓடி அடங்கிய பிறகுதான் படப்பெட்டி வரும். இடையில் பழைய படங்களைப் போட்டு நாளை ஓட்டுவோம். தை அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும்போது கூட்டம் வரும். நடவு சமயத்தில் இரண்டாம் ஆட்டத்துக்கு இருபது பேர் இருந்தால் பெரிசு. கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் படத்தைப் பார்த்தே ஆக வேண்டும். ஒரு வாரம் ஓடினால் இருபத்தோரு காட்சி. நல்ல படமாக இருந்து திரும்பத் திரும்ப வந்தால் ஒரே படத்தை நூறு தடவைக்கு மேல் பார்த்திருப்பேன்.

அந்த அறையைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் சொல்லப்போவது எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. இரண்டு மிஷின். ஆயிரம் அடி ரீல் என்றால் பதினோரு நிமிஷம். ஒன்று ஓடும்போது அடுத்ததில் பிலிமைப் பூட்டி, வெளிச்சம் தரும் கார்பன் குச்சியைச் சரி பார்த்து, ரீல் முடியப்போகிறது என்று சொல்லும் புள்ளி திரையின் வலது மேல் மூலையில் விழுகிறதா என்று சுவரில் இருக்கிற சின்ன ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். மிஷின் போடுகிற சத்தத்தில் வசனம் சரியாகக் கேட்காது. அறைக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கும், அதுவும் சவுண்டு வருகிறதா இல்லையா என்று பார்க்கத்தான். ஆக, முப்பது வருஷம் நான் தமிழ்ப் படங்களைப் பெரும்பாலும் சத்தம் இல்லாமல்தான் பார்த்திருக்கிறேன். குரலும் பாட்டும் பின்னணி இசையும் போன பிறகு ஒரு நடிகரிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்பது அங்கே அப்பட்டமாகத் தெரியும்.

முதல் இரண்டு மூன்று காட்சிகளில் எல்லோரையும் போல நானும் கதாநாயகனைத்தான் பார்ப்பேன். பத்துக் காட்சி தாண்டினால் கண் தானாக வேறு ஒருவரிடம் போய் நிற்கும். அநேகமாக அவர் அப்போது பேசிக்கொண்டிருப்பவராக இருக்க மாட்டார். பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பவராக இருப்பார். பேசுகிறவருக்கு வசனகர்த்தா துணை இருக்கிறார். கேட்கிறவருக்குத் துணை யாரும் இல்லை. அவர் நடிகராக இருந்தால் மட்டுமே அந்த இடம் நிற்கும். உங்கள் இரண்டாவது வரிக்கு என் பதில் இதுதான்: சத்தத்தை நிறுத்திவிட்டு, பேசாதவரைப் பாருங்கள்.

இப்படிப் பார்த்தால் எனக்கு முதலில் வரும் பெயர் டி.எஸ். பாலையா. "அவருக்கா பெயர் இல்லை?" என்று கேட்பீர்கள். பெயர் இருக்கிறது, ஆனால் வில்லன் என்றும் காமெடி என்றும் பிரித்துத்தான் இருக்கிறது. 1936இல் வந்த 'சதி லீலாவதி'யில் தொடங்கியவர். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் கதை சொல்லும் காட்சியைத் தெரியாதவர் கிடையாது. அதைப் பற்றிப் பேசும்போது நாகேஷ் வாயால் போடும் சத்தங்களைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எங்கள் அறையில் அந்தச் சத்தம் கேட்காது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பா பாலையாவின் முகம்தான். மகன் படம் எடுக்கிறேன் என்று பணத்தைக் கரைக்கிறானே என்ற எரிச்சலோடு உட்காருகிறார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக, அவருக்கே தெரியாமல், கதைக்குள் போய் மாட்டிக்கொள்கிறார். எந்த இடத்தில் எரிச்சல் முடிந்து பயம் தொடங்குகிறது என்று நான் பல காட்சிகளில் கண்டுபிடிக்கப் பார்த்தேன். கோடு போட்டுப் பிரிக்க முடியவில்லை.

அதற்கு அடுத்த வருஷம், 1965இல், 'திருவிளையாடல்'. ஹேமநாத பாகவதராக அவர் வாயசைத்த 'ஒரு நாள் போதுமா' பாட்டைத்தான் ஊர் கொண்டாடியது. அது பாலமுரளிகிருஷ்ணாவின் குரல், அந்தப் புகழில் அவருக்கும் பங்கு உண்டு. நான் சொல்வது அதற்குப் பின்னால் வரும் ராத்திரி. விறகுவெட்டி பாடுவதைக் கேட்டு, உலகத்தில் தனக்கு மேல் ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு வித்வான் இடிந்துபோகிறார். அவ்வளவு பெரிய கர்வம் உடைவதைக் காது கொடுத்துக் கேட்டே காட்ட வேண்டும். காட்டியிருக்கிறார்.

'தில்லானா மோகனாம்பாள்' எங்கள் பக்கத்துக் கதை. நாயகனின் ஊரான சிக்கல் நாகப்பட்டினத்துக்குப் பக்கம், நாயகி மோகனா திருவாரூர். 1968இல் வந்த படத்தை எண்பதுகளில்கூட நாங்கள் அவ்வப்போது வரவழைத்து ஓட்டுவோம், எப்போது போட்டாலும் மேளக்காரர்கள் வந்துவிடுவார்கள். ஒரு தடவை எங்கள் ஊர்ப் பக்கத்து வயசான தவுல் வித்வான் ஒருவர் இரண்டாம் ஆட்டம் முடிந்ததும் மாடிப்படி ஏறி என் அறைக்கே வந்துவிட்டார். பாலையா தவுல் வாசிப்பது சரியா என்று நானும் ரொம்ப நாளாகக் கேட்க நினைத்திருந்தேன். கேட்டேன். வலது கை விரல்களைப் பிரித்துக் காட்டினார். தவுல் வாசிக்க விரல் கூடு மாட்டி மாட்டிக் கணுக்கள் எல்லாம் காய்த்துப் போயிருந்தன. "கை அங்கங்க பொய் சொல்லுது தம்பி. அத வுடு. நாயனக்காரரு ராகத்துல போய்க்கிட்டு இருக்கறப்ப எங்களுக்குக் கையில வேலை இல்ல, காதுலதான் வேலை. அப்ப ஒரு தவுல்காரன் எப்படி உக்காந்திருப்பானோ அப்படி உக்காந்திருக்காரு பாரு, அதை யாரும் சொல்லிக் குடுத்து வராது" என்றார். இடது கையில் குச்சி இருப்பதுபோல வைத்துக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து, என் எதிரில் அப்படியே உட்கார்ந்து காட்டினார். அடுத்த நாள் 'நலந்தானா' பாட்டு வந்தபோது நான் சிவாஜியையும் பார்க்கவில்லை, பத்மினியையும் பார்க்கவில்லை. மோகனா ஆடிக்கொண்டே காயம்பட்ட நாயனக்காரரைக் குசலம் விசாரிப்பதைப் புரிந்துகொண்டு, அதை அடக்கவும் முடியாமல் தாளத்தை விடவும் முடியாமல், பாலையா கண் கலங்கி வாசிப்பதை மட்டும் பார்த்தேன்.

இரண்டாவது பெயர் ராஜேஷ். மன்னார்குடியில் பிறந்தவர். சென்னையில் பள்ளி ஆசிரியராக இருந்துவிட்டு நடிக்க வந்தவர். எங்கள் பக்கத்துக்காரர் என்பதால் சொல்லவில்லை. 1981இல் 'அந்த 7 நாட்கள்' வந்தது. பாலக்காட்டு மாதவனாக வந்த பாக்யராஜுக்கும், அவர் பின்னாலேயே திரிந்த பையனுக்கும் தியேட்டர் சிரித்தது. சிரிக்க வேண்டியதுதான். ஆனால் படத்தைத் தூக்கி நிறுத்தியது ராஜேஷ் நடித்த டாக்டர் ஆனந்த். சாகக் கிடக்கும் அம்மாவுக்காக இரண்டாம் கல்யாணம் செய்துகொள்கிறார். முதலிரவிலேயே மணப்பெண் தற்கொலைக்கு முயல, காப்பாற்றுகிறார். அவள் இன்னொருவனைக் காதலித்தவள் என்று தெரிகிறது. அம்மா கண்ணை மூடும் வரை ஒரு வாரம் பொறுத்துக்கொள், நானே உன்னை அவனிடம் சேர்த்துவைக்கிறேன் என்று வாக்குக் கொடுக்கிறார். இதில் நடிகனுக்குக் கத்தவும் அழவும் எத்தனை இடம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அந்த மனுஷர் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. மணப்பெண்ணாக வரும் அம்பிகா தன் கதையைச் சொல்லும்போது ஒரு டாக்டர் நோயாளி சொல்வதைக் கேட்பது மாதிரி முதலில் கேட்கிறார், அப்புறம்தான் தான் அவளுக்குப் புருஷன் என்பது அவருக்கு ஞாபகம் வருகிறது. இந்த மாற்றத்தை நான் வசனம் கேட்காமலே புரிந்துகொண்டேன். கடைசிக் காட்சியிலும் பேசுகிறவர் மாதவன், ஊர் மனப்பாடம் செய்தது அவர் பேசியதைத்தான். அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிற ஆளுக்கு, கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும், உள்ளுக்குள் அவள் போய்விடக் கூடாது என்றும் இருக்கிறது. இரண்டையும் ஒரே முகத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

இந்தப் படத்தை 1983இல் இந்தியில் 'வோ சாத் தின்' என்று எடுத்தபோது டாக்டர் பாத்திரத்துக்கு நஸ்ருதீன் ஷாவைப் போட்டார்கள். இந்த வேடத்தின் கனம் என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 'கன்னிப் பருவத்திலே'யில் தன் குறையை வெளியில் சொல்ல முடியாத புருஷன், 'அச்சமில்லை அச்சமில்லை'யில் லட்சியவாதியாகத் தொடங்கிச் சீரழிகிற அரசியல்வாதி, 'சிறை'யில் தான் நாசம் செய்த பெண் தன் வீட்டுக்கே வந்து உட்காரும்போது குன்றிப்போகிற அந்தோணி. நாலும் நாலு ஆள். 'மகாநதி'யில் சிறைக் காவலராக வருவாரே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 மே மாதம் அவர் காலமானார். அன்றைக்கு ராத்திரி நான் வீட்டில் 'அந்த 7 நாட்கள்' போட்டு, சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் பார்த்தது அப்படியே இருந்தது.

இவர்களுக்கு ஏன் உரிய பெயர் கிடைக்கவில்லை? எனக்கு நிச்சயமாகத் தெரிந்த காரணங்கள் இரண்டு. ஒன்று, துணை நடிகர் என்று தனியாகத் தேசிய விருது வந்ததே 1984ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். பாலையா 1972இலேயே போய்விட்டார். இதே வரிசையில் வர வேண்டிய குணச்சித்திர நடிகர் எஸ்.வி. சுப்பையா 1980இல் போனார். அவர்கள் உயிரோடு இருந்தபோது அப்படி ஒரு விருதே கிடையாது. நாகேஷுக்கே 1994இல் வந்த 'நம்மவர்' படத்துக்குத்தான் அது கிடைத்தது. மாநில விருதும் ஒழுங்காக வரவில்லை. 2009 முதல் 2014 வரைக்குமான விருதுகளை மொத்தமாக 2017இல்தான் அறிவித்தார்கள். நடித்தவருக்கு அப்போது கிடைக்க வேண்டிய அடுத்த வேடம் அதற்குள் கைநழுவிப் போயிருக்கும்.

இன்னொரு காரணம் என் கையாலேயே நடந்தது. படம் மூன்று மணி நேரத்துக்கு நெருங்கினால், நாலு காட்சி போடும் பண்டிகை நாளில் நேரம் இடிக்கும். அப்போது முதலாளி மேலே வருவார். "அந்த அழுகைய எடுத்துருப்பா" என்பார். சண்டையை எடுக்கச் சொல்ல மாட்டார், கதாநாயகன் வரும் பாட்டை எடுக்கச் சொல்ல மாட்டார். அப்பாவோ, சித்தப்பாவோ, வேலைக்காரக் கிழவரோ தனியாக உட்கார்ந்து உடைகிற இரண்டு நிமிஷம் இருக்கும், அதுதான் போகும். இரண்டு நிமிஷம் என்றால் நூற்றெண்பது அடி. வெட்டி எடுத்து, இரண்டு முனையையும் சுரண்டி, சிமென்ட் என்று நாங்கள் சொல்லும் பிலிம் பசையை வைத்து ஒட்டுவேன். பெட்டி திரும்பிப் போகும்போது துண்டைப் பழையபடி சேர்த்துவிட வேண்டும் என்பது முறை. எல்லோரும் சேர்த்ததில்லை. எங்களுக்கு வந்த பெட்டிகளிலேயே வேறு ஊரில் வெட்டிய ஒட்டுகள் இருக்கும். அந்தப் பிரிண்டைப் பார்த்த ஊர்களுக்கு அந்த நடிகர் அந்த இரண்டு நிமிஷம் நடித்ததே தெரியாது. வெட்டும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது, வெட்டினேன் என்பதும் உண்மை.

இனி சந்தேகத்துக்கு இடமுள்ளதைச் சொல்கிறேன். கேட்கிற முகத்தைத் தனியாகக் குளோசப்பில் காட்டினால், அதில் நடிகரின் பங்கு எவ்வளவு, எடிட்டரின் பங்கு எவ்வளவு என்று திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. வேறு எதற்கோ எடுத்த ஷாட்டைக் கொண்டுவந்து ஒட்டினாலும் நமக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒரே பிரேமில் இருந்து, வெட்டு இல்லாமல் ஓடினால் மட்டும்தான் அது முழுக்க அந்த நடிகருடையது என்று அடித்துச் சொல்வேன். அந்தக் கணக்கில் 'காதலிக்க நேரமில்லை' பாலையாவை நான் சத்தியம் செய்து சொல்வேன். 'நலந்தானா' பாலையாவை என் கணிப்பு என்றுதான் சொல்வேன், தவுல் வித்வான் சாட்சி இருந்தாலும்கூட. இன்னொரு குறையும் என் முறையில் உண்டு. குரலால் நடிக்கிறவர்களுக்கு இது அநியாயம் செய்துவிடும். எங்கள் காரைக்கால் பக்கத்து கே.ஏ. தங்கவேலுவை நான் ரொம்ப நாள் சாதாரணமாகவே நினைத்திருந்தேன். 'கல்யாணப் பரிசு' மன்னார் அண்ட் கம்பெனிக் காட்சிகளை வீட்டில் உட்கார்ந்து முழுச் சத்தத்தோடு பார்த்த பிறகுதான், ஒரு பொய்யை இழுத்து நிறுத்தி அடுத்த பொய்க்குத் தாவும் அந்தப் பேச்சில் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்று புரிந்தது. நடிகைகள் விஷயத்திலும் அப்படித்தான். நிறையப் பேருக்கு வேறொருவர் குரல் கொடுத்திருப்பார்கள். அந்தப் பாத்திரத்தின் பெருமையை இருவருக்கும் எப்படிப் பங்கு பிரிப்பது என்பதற்கு என்னிடம் வழி இல்லை.

எஸ்.வி. சுப்பையாவைப் பாதியில் விட்டுவிட்டேன். 'கப்பலோட்டிய தமிழன்' பாரதியை எல்லோரும் சொல்வார்கள். ஆடி மாசம் பிறந்தால் எங்கள் பக்கத்துத் தியேட்டர்களில் 1971இல் வந்த 'ஆதி பராசக்தி' பெட்டிக்குப் போட்டி நடக்கும், காரணம் அதில் திருக்கடையூர் அபிராமி பட்டராக வரும் சுப்பையா. அமாவாசையைப் பௌர்ணமி என்று சொல்லிவிட்டு நெருப்புக்கு மேல் நின்று பாடுகிறவரின் முகத்தில் பயம் துளி இல்லை, அம்மாவிடம் பிள்ளை உரிமையோடு சண்டை போடுவது மாதிரி இருக்கும். திருக்கடையூர் எங்களுக்கு ரொம்பத் தூரம் இல்லை. கும்பிட்டுவிட்டு நேராகப் படத்துக்கு வந்தவர்கள் உண்டு.

எஸ்.என். லட்சுமியை 'மைக்கேல் மதன காமராஜன்' திருட்டுப் பாட்டி என்று ஞாபகம் வைத்திருப்பீர்கள். 'மகாநதி'யில் அதே அம்மாள் கதாநாயகனின் மாமியாராக வருகிறார், பாருங்கள். எங்கள் தெருவில் அப்படி ஒரு மாமி இருந்தார் என்று நானே சொல்லும் அளவுக்கு இருக்கும். டெல்லி கணேஷுக்குப் 'பசி', 'சிந்து பைரவி' இரண்டு போதும். குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வந்து அவமானப்படும் மிருதங்க வித்வானாக அவர் நிற்கும் இடத்தில், வித்தை தெரிந்தவன் கூனிக் குறுகுவது எப்படி இருக்கும் என்று காட்டிவிடுவார்.

எம்.எஸ். பாஸ்கர் விஷயத்தில் எனக்குச் சந்தோஷம். பெயரில் இருக்கும் அந்த 'எம்' எங்கள் முத்துப்பேட்டைதான். 2007இல் வந்த 'மொழி'யில், மகன் இறந்ததை ஏற்க முடியாமல் 1984இலேயே நின்றுவிட்ட பேராசிரியராக வருவார். உண்மை உறைத்து அவர் அழும் இடத்தை நான் எந்த நடிகருக்கு எதிரிலும் வைப்பேன். 'பார்க்கிங்' படத்துக்காக 2025இல் துணை நடிகருக்கான தேசிய விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. எண்பதுகளின் கடைசியிலிருந்து நடித்துக்கொண்டிருப்பவர். பதினெட்டு வருஷம் முன்னால் கிடைத்திருந்தால் இன்னும் என்னென்ன வேடம் எழுதியிருப்பார்களோ.

நான் ரீல் ஓட்டிய காலத்துப் படங்களை மட்டும்தான் இந்த அளவுக்கு உறுதியாகச் சொல்ல முடியும். இப்போதைய படங்களை ஒன்றிரண்டு தடவைதான் பார்க்கிறேன், என் முறைக்கு அது போதாது. அந்தப் பகுதியை நீங்கள்தான் செய்ய வேண்டும். பிடித்த ஒரு படத்தை எடுத்துச் சத்தத்தை நிறுத்திவிட்டு, இரண்டு பேர் ஒரே பிரேமில் இருக்கும் காட்சியாகப் பார்த்து, பேசாதவரையே கவனியுங்கள். ஒரு தடவை போதாது, ஐந்தாறு தடவையாவது பாருங்கள். யாராவது தட்டுப்பட்டால் நடிகர் பெயரை மட்டும் எழுதாதீர்கள், எந்தப் படம், எந்தக் காட்சி என்றும் சேர்த்து இங்கேயே எழுதுங்கள். நானும் போட்டுப் பார்க்கிறேன்.